வாசகர் கேள்வி பதில்: கைத்தொலைபேசி திடீரென அலறினால்

அவசர எச்சரிக்கை ஒத்திகைகள் பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் போனில் சத்தம் கேட்டுப் பயந்தவர்கள், கரையோரச் சைரனுக்கு ஓடியவர்கள், குரல்பதிவை நம்பிப் போனை நிறுத்தி வைத்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தொலைத்தொடர்பிலும் அனர்த்த முன்னெச்சரிக்கையிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

லண்டனில் இருக்கும் மகனோடு ஒரு ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தேன். ஏழரை மணி இருக்கும். அவனுடைய போன் திடீரென்று கத்தத் தொடங்கியது. "ஒன்றுமில்லை அம்மா, அரசாங்கம் செய்கிற ரெஸ்ற்" என்றான். எனக்கு நெஞ்சிடி அடங்க நேரமெடுத்தது. அரசாங்கத்துக்கு அவனுடைய நம்பர் எப்படித் தெரியும்? — வாசகி, வட்டக்கச்சி

அம்மா, நீங்கள் கேட்டது 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி பிரித்தானியா நடத்திய நாடளாவிய ஒத்திகையின் சத்தமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே பிற்பகல் 3 மணி, இங்கே இரவு 7.30. அதற்கு முன்னர் 2023 ஏப்ரல் 23ஆம் திகதியும், அதுவும் ஒரு ஞாயிறு 3 மணிக்கே, முதலாவது ஒத்திகை நடந்தது. சத்தம் சுமார் பத்து விநாடி. போன் சைலன்ற்றில் இருந்தாலும் கேட்கும்.

மகனுடைய நம்பர் யாருக்கும் தெரியத் தேவையில்லை. குறுஞ்செய்தி என்பது தபால்காரர் கொண்டுவரும் கடிதம் மாதிரி. பெயர், விலாசம் வேண்டும், ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். இந்த எச்சரிக்கை கோயில் ஒலிபெருக்கி மாதிரி. ரவர் ஒரு தடவை அறிவிக்கும். அதன் எல்லைக்குள் நிற்கிற போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பது ரவருக்குத் தெரியாது. திரும்ப எந்தத் தகவலும் போவதில்லை. டேட்டா வேண்டியதில்லை, காசு வெட்டாது. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பு எடுத்து இணைப்புக் கிடைக்காமல் தவிக்கிற வேளையிலும் இது தடைப்படாது. அனர்த்த வேலைக்கு இதை உலகம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

பிள்ளைகள் வேறு நாடுகளில் இருப்பவர்களும் இதைக் குறித்து வைத்தால் அடுத்த முறை பதற வேண்டியிராது. சுவிற்சர்லாந்தில் ஆண்டுதோறும் பெப்ரவரி முதல் புதன்கிழமை பிற்பகல் 1.30க்கு நாடு முழுவதும் சைரன் ஒலிக்கும். நமக்கு அது மாலை 6 மணி. ஜேர்மனியில் செப்டெம்பர் இரண்டாவது வியாழன் காலை 11 மணி, இங்கே 2.30. நெதர்லாந்தில் மாதத்தின் முதல் திங்கள் நண்பகலில் சைரன். கனடாவில் பெரும்பாலும் மே மாதமும் நவம்பர் மாதமும்.

எச்சரிக்கை ஒத்திகை நேரத்தில் போனை நிறுத்தி வைக்கச் சொல்லி எங்கள் குடும்பக் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. அந்த அலை உடம்பில் ஏறிய தடுப்பூசியைத் தூண்டிவிடும் என்கிறார்கள். வங்கிக் கணக்கும் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? — வாசகர், பரந்தன்

இல்லை. இந்தக் கதை அமெரிக்காவில் 2023 ஒக்ரோபர் 4ஆம் திகதி நடந்த நாடளாவிய ஒத்திகைக்கு முன்னர் பெரிதாகப் பரவியது. அன்று அங்கே பிற்பகல் 2.20க்கு எல்லாப் போன்களும் அலறின. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாள் கடந்து போன பிறகும் அதே கதை நாட்டையும் திகதியையும் மாற்றிக்கொண்டு உலாவுகிறது.

எச்சரிக்கைக்கென்று தனி அலை கிடையாது. நீங்கள் இந்தக் குரல்பதிவைக் கேட்டபோது எந்த அலை உங்கள் போனுக்கு வந்ததோ, அதே ரவரின் அதே அலைதான். அதில் போகிற செய்தி சில பத்து முதல் சில நூறு எழுத்துகள்தான். சத்தம் வானத்திலிருந்து வருவதில்லை. போனுக்குள் முன்பே பதிந்து வைத்த சத்தம். செய்தியின் தலைப்பில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்துப் போனே அதை ஒலிக்கவிடுகிறது.

வங்கி விடயத்தில் மட்டும் ஒரு கவனம் தேவை. எச்சரிக்கை வந்து ஓரிரு நாளில் "நிவாரணத்துக்குப் பதிய இங்கே அழுத்துங்கள்" என்று சாதாரணக் குறுஞ்செய்தியாக இணைப்பு அனுப்பும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. உண்மையான எச்சரிக்கை திரை முழுவதையும் மறைத்து, தனிச் சத்தத்தோடு வரும். அது அடையாள அட்டை இலக்கம் கேட்காது, கணக்கு இலக்கம் கேட்காது, ஓரீபி எனும் ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்கவே கேட்காது. கேட்டால் அது எச்சரிக்கை அல்ல.

அம்மாவுக்கு 71 வயது. பேரனின் போனில் வந்த எச்சரிக்கைச் சத்தத்தை யாரோ வீடியோவாகப் போட்டுக் காட்டியபோது எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்துவிட்டார். கை நடுக்கம் இரவு வரை போகவில்லை. நம் நாட்டிலும் இப்படி ஒத்திகை வைத்தால் அவர் தாங்குவாரா? எச்சரிக்கையை முற்றாக நிறுத்திவிடலாமா? — வாசகி, புதுக்குடியிருப்பு

உங்கள் அம்மா செய்தது பைத்தியம் அல்ல. சத்தம் கேட்டால் உடனே தாழ்ந்து மறைவுக்குள் போக வேண்டும் என்று அவருடைய உடம்பு பல வருடங்கள் படித்தது. அந்தப் பாடம்தான் அவரை உயிரோடு வைத்திருந்தது. பங்கருக்குள் வளர்ந்த பிள்ளைகள் இன்று நாற்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிலும் பலருக்கு இதே நடுக்கம் வரும். எச்சரிக்கை ஒத்திகையைத் திட்டமிடுகிறவர்கள் வன்னிக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய முதல் விடயம் இது.

முற்றாக நிறுத்த வேண்டாம். போன் செற்றிங்ஸில் எச்சரிக்கைகள் வகை வகையாகப் பிரிந்திருக்கும்: உயிராபத்து, கடும் ஆபத்து, ஒத்திகை என்று. அம்மாவின் போனில் ஒத்திகையையும் அதிர்வையும் மட்டும் நிறுத்துங்கள். உயிராபத்து எச்சரிக்கை இருக்கட்டும். ஆனால் நாடளாவிய ஒத்திகைகளைச் சில நாடுகள் உயிராபத்து வகையிலேயே அனுப்புவதுண்டு. அப்போது இந்த ஏற்பாடு உதவாது. ஒத்திகைத் திகதி முன்பே அறிவிக்கப்பட்டால், அந்த அரை மணி நேரம் அவருடைய போனை நிறுத்தி வைத்து, வீட்டில் வேறொருவரின் போனை இன்னொரு அறையில் வைத்திருங்கள்.

அன்று காலை அவருக்கு நேரத்தைச் சொல்லுங்கள். "பதினொரு மணிக்கு ஒரு சத்தம் வரும், பத்து விநாடியில் நின்றுவிடும், வெள்ளத்துக்காகச் செய்கிற பழக்கம்" என்று அளவாகச் சொன்னால் போதும். பத்து விநாடி என்ற கணக்கு முக்கியம். முடிவு தெரிந்த சத்தத்தை உடம்பு தாங்கும். எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தம்தான் ஆளைக் குலைக்கும். அந்நேரம் பக்கத்தில் யாராவது இருங்கள். கையைப் பிடிப்பதற்கு முன் கூப்பிட்டுப் பெயர் சொல்லுங்கள். பின்னால் நின்று தொட வேண்டாம். நடுக்கம் வந்தால் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, வாசலில் தெரிகிற ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். "பயப்படாதே" என்பதைவிட "இது வேம்பு, இது கிணறு, இது எங்கட வீட்டுப் படலை" என்று அவர் வாயாலேயே சொல்வது நிலைக்குக் கொண்டுவரும். நடுக்கமும் நித்திரையின்மையும் சில நாள் தாண்டியும் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஒத்திகை நடத்துகிற அதிகாரிகளிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மே மாதத்தின் நடு வாரங்கள், நவம்பர் கடைசி வாரம், டிசம்பர் 26 ஆகிய நாள்களில் வன்னியில் சைரனோ போன் ஒத்திகையோ வேண்டாம். இரவில் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் முன்னர், முதல் நாள், அன்று காலை என்று மூன்று தடவை கிராம அலுவலர் மூலமும், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி மூலமும், மாதர் சங்கங்கள் மூலமும் சொல்லுங்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொன்னால் அது வீட்டுக்கு வந்து சேரும். கடிதம் ஒட்டிய பலகையை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐஃபோனிலும் அன்ட்ரொய்ட்டிலும் இந்த எச்சரிக்கை எங்கே இருக்கிறது? — மாணவன், மாங்குளம்

அன்ட்ரொய்ட்டில் செற்றிங்ஸுக்குப் போய் 'சேஃப்ரி அன்ட் எமர்ஜென்சி', அதற்குள் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலேர்ட்ஸ்'. சாம்சுங்கில் பல மொடல்களில் நொற்றிபிகேஷன்ஸ் பகுதிக்குள் 'அட்வான்ஸ்ட்' என்பதில் ஒளிந்திருக்கும். கம்பனிக்குக் கம்பனி இடம் மாறும் என்பதால் செற்றிங்ஸின் தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி' என்று ஆங்கிலத்தில் அடிப்பதே குறுக்கு வழி. ஐஃபோனில் செற்றிங்ஸ், நொற்றிபிகேஷன்ஸ், பிறகு பக்கத்தின் ஆகக் கீழே 'கவர்ன்மென்ற் அலேர்ட்ஸ்'. அது தென்படாவிட்டால் போன் பழுது என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கும் வலையமைப்புக்கும் ஏற்பத்தான் ஐஃபோன் அந்தப் பகுதியைக் காட்டும். போனின் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். வருமா? — வாசகர், ஓமந்தை

வரக்கூடும். மெனுவில் மெசேஜஸ், அதற்குள் செற்றிங்ஸ், அதில் 'செல் புரோட்காஸ்ற்' அல்லது 'இன்ஃபோ மெசேஜ்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அணைந்துதான் கிடக்கும். அதை ஓன் செய்து, அலைவரிசை இலக்கம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உலகப் பொது ஒழுங்கில் ஆக உயர்ந்த எச்சரிக்கைக்கு 4370, மாதாந்த ஒத்திகைக்கு 4380. பழைய சில போன்கள் மூன்று இலக்கத்துக்கு மேல் ஏற்காது. உங்கள் சிம் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து எந்த இலக்கம் போட வேண்டும் என்று கேளுங்கள். 4ஜியில் மட்டும் அனுப்புகிற நாடுகளும் உண்டு. பிரித்தானியா அப்படித்தான், 4ஜி, 5ஜி போன்களுக்கு மட்டும். ஆகவே பட்டன் போன் ஒன்றே இருக்கிற வீடு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே மேசையில் இரண்டு போன். கனடாவில் அண்ணாவின் போன் கத்தியது, அண்ணியின் போன் பேசாமல் இருந்தது. இப்படி அரைகுறையாக வேலை செய்கிற ஒன்றை எப்படி நம்புவது? — வாசகர், நெடுங்கேணி

அண்ணியின் போன் ஃபிளைற் மோடில் இருந்திருக்கலாம். வைஃபையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். எச்சரிக்கை ரவரிலிருந்து வருவது, வைஃபையில் வராது. அந்த நேரம் 2ஜி அல்லது 3ஜியில் அழைப்பில் இருந்தால் போன் அதைத் தவறவிடும். 4ஜி அழைப்பில் இருந்தால் கேட்கும். மென்பொருள் பழையதாக இருக்கலாம். இருவரும் வெவ்வேறு கம்பனி சிம் என்றால் காரணம் கம்பனியின் பக்கமும் இருக்கலாம்: 2023இல் பிரித்தானிய ஒத்திகையில் திரீ வலையமைப்பின் வாடிக்கையாளர் பலருக்குச் செய்தி போகவேயில்லை. சிலருக்கு ஒரு நிமிடம் முந்தி 2.59க்கே வந்தது.

மறுபக்கத்தில், ஒரே செய்தி இரண்டு தடவை வருவதும் உண்டு. ரவர் குறித்த இடைவெளியில் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், பிந்தி வருகிற போனும் பிடிக்க வேண்டும் என்பதற்காக. செய்தியின் தொடர் இலக்கத்தைப் பார்த்து "இது முன்பே வந்தது" என்று போன் தானே ஒதுக்கிவிடும். போனை அணைத்துப் போட்டால் அந்த நினைவு போய், மறுபடி கத்தலாம்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2018 மே 7ஆம் திகதி முதல் போன் ஒத்திகை யாருக்கும் போய்ச் சேரவில்லை. தேடிப் பார்த்தால் நிரலில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தது. ஒரேயொரு வெற்றிடம். அன்று அது வெளியே வராமல், வெள்ளம் வந்த இரவில் வந்திருந்தால்? ஜேர்மனியில் 2020 செப்டெம்பர் 10ஆம் திகதி நடந்த ஒத்திகையில் எச்சரிக்கை அரை மணி நேரம் பிந்தியது. பத்திரிகைகள் வாய்க்கு வந்தபடி திட்டின. ஆனால் அங்கே 2022 டிசம்பர் 8ஆம் திகதி ஒத்திகையில் ரவர் வழி ஒலிபரப்பு முதன்முறையாக நாடு முழுவதும் ஓடியது. பிழை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் ஒத்திகை. எல்லாம் சரியாகப் போனது என்று முடிகிற ஒத்திகையைவிட, "நெடுங்கேணிச் சந்திக்கு வந்தது, அதற்கு அப்பால் வரவில்லை" என்று காட்டுகிற ஒத்திகையில்தான் பயன் அதிகம். "வரவில்லை" என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் நட்டம்.

எச்சரிக்கைகள் தமிழில் வரும்போது அரைகுறை மொழிபெயர்ப்பாக இருக்கின்றன. வாசித்தால் என்ன செய்வதென்று விளங்குவதில்லை. இதற்கு ஒழுங்கு எதுவும் இல்லையா? — ஆசிரியை, மல்லாவி

ரீச்சர், இந்தக் குறை உலகத்துக்கே பொதுவானது. 2023 பிரித்தானிய ஒத்திகையில் வேல்ஸ் மக்களுக்கு வந்த வெல்ஷ் மொழிச் செய்தியில் "பாதுகாப்பாக" என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வோகல்' என்று விழுந்திருந்தது. வெல்ஷில் அப்படியொரு சொல்லே இல்லை. சிலோவேனியாவில் ஒரு பனிச்சறுக்கு மலைக்குத்தான் அந்தப் பெயர். சின்ன மொழி பேசுகிறவர்களின் செய்தியை அந்த மொழி தெரிந்த ஒருவர் கடைசியாக ஒரு தடவை வாசிக்கவில்லை என்பதே பிழை.

தமிழுக்கு இடநெருக்கடியும் உண்டு. ரவர் ஒலிபரப்பில் ஒரு பக்கம் 82 பைற். ஆங்கிலம் என்றால் அதில் 93 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைற் தேவை என்பதால் 41 குறியீடுகள்தான். அதிலும் நாம் எண்ணுவது போல் கணினி எண்ணுவதில்லை. 'வெள்ளம்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு வகரம், எகரக் கொம்பு, ளகரம், புள்ளி, ளகரம், மகரம், புள்ளி என்று ஏழு. அந்தச் சொல்லை ஐந்து தடவை எழுதினாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஆகக் கூடியது 15 பக்கம். "அனர்த்த முகாமைத்துவ நடவடிக்கைகளின் பொருட்டு" என்று தொடங்குகிறவர் முதல் பக்கத்தை வீணாக்கிவிட்டார்.

சொல் தெரிவில் வன்னிக்கென்று சில கவனங்கள் இருக்கின்றன. 'சோதனை' என்ற சொல் வேண்டாம். இந்தியாவில் அது பொருந்தும். இங்கே சோதனை என்றால் சோதனைச்சாவடி, பையைத் திறந்து காட்டுவது. 'ஒத்திகை' என்று எழுதுங்கள், அதுவும் முதற் சொல்லாக. 'இடம்பெயருங்கள்' வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்கள் பெட்டி கட்டுவார்கள், உழவு இயந்திரம் தேடுவார்கள், வீட்டை விட்டுப் போனால் திரும்பி வரலாமா என்று யோசித்து நின்றுவிடவும் கூடும். 'மேட்டுக்குப் போங்கள்', 'இன்று இரவு மட்டும்' என்று சொல்ல வேண்டும். 'முகாம்' என்பதும் அப்படியே. பாடசாலையின் பெயரைச் சொன்னால் போதும்.

ஊர்ப் பெயர் கட்டாயம். 'கனகராயன் ஆற்றுத் தாழ்நிலப் பிரதேசம்' என்றால் தன் வீடு அதற்குள் வருமா என்று யாருக்கும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரணைமடு வான்கதவுகள் இன்று இரவு 10 மணிக்குத் திறக்கும். முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளை ஆட்கள் 9 மணிக்கு முன் மேட்டுக்குப் போங்கள். ஆற்றைக் கடக்க வேண்டாம். உதவிக்கு 117." என்ன, எப்போது, யார், என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. உங்கள் மாணவர்களிடம் இதை ஒரு பயிற்சியாகக் கொடுங்கள். பெரியவர்கள் எழுதுவதைவிடச் சுருக்கமாக எழுதுவார்கள்.

கரையில் சைரன் ஒத்திகை என்றால் முந்தி எல்லோரும் ஓடுவோம். இப்போது வலையை விட்டு யாரும் எழும்புவதில்லை. 2012இலும் சுனாமி என்று கலைத்தார்கள், ஒன்றும் வரவில்லை. உண்மையானதையும் ஒத்திகையையும் எப்படிப் பிரித்தறிவது? — கடற்றொழிலாளர், முல்லைத்தீவு

2012இல் வந்தது பொய் எச்சரிக்கை அல்ல. ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம், இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று 8.2. அவ்வளவு பெரிய நடுக்கத்துக்கு எச்சரிக்கை கொடுக்காமல் விட முடியாது. ஆனால் கடலடித் தட்டுகள் அன்று ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. 2004இல் போலக் கடலடி மேலே எழும்பவில்லை. வாளியின் அடியை மேலே தள்ளினால் தண்ணீர் சிந்தும், பக்கமாகத் தேய்த்தால் பெரிதாகச் சிந்தாது. இந்த வேறுபாடு தெரிய நேரமெடுக்கும். அதுவரை கரையில் காத்திருக்க முடியாது.

2004 டிசம்பர் 26 காலை 6.59 அளவில் நிலம் நடுங்கியது. 1,500 கிலோமீற்றருக்கு அப்பால் என்பதால் நம் கரையில் யாரையும் எழுப்புகிற அளவுக்கு அதிரவில்லை. அலை வர இரண்டு மணி நேரம் அளவில் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்ல ஆளில்லை, சொல்வதற்கு வழியும் இல்லை. பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, கரையோரமாக 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. உப்புக்காற்றில் நிற்கிற இரும்பு அது. கவனிக்காமல் விட்டால் பற்றரி இறக்கும், இணைப்பு துருப்பிடிக்கும். உங்கள் கரையில் கோபுரம் இருந்தால் கடைசியாக அது எப்போது ஒலித்தது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இந்து சமுத்திரம் முழுவதற்குமான ஐயோவேவ் ஒத்திகை பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2023இலும் 2025இலும் நடந்தது.

ஒத்திகை என்றால் முன்னறிவிப்பு இருக்கும். அறிவிப்பு இல்லாமல் சைரன் கேட்டால் உண்மை என்றே எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள், நடந்துகொண்டே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். உறுதிப்படுத்திவிட்டு நடப்பது அல்ல. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் சைரனுக்கும் காத்திருக்க வேண்டாம்.

பாதை முக்கியம். முல்லைத்தீவு நகரிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் வட்டுவாகல் பாலம், நந்திக்கடலின் வாயில். அந்த வழியைத் தவிருங்கள். மாங்குளம் வீதியால் தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கம் ஏறுங்கள். அடுத்த ஒத்திகையில் மணிக்கூட்டைப் பார்த்து நடந்து பாருங்கள்: வயதானவர்களோடு முள்ளியவளைப் பாதையில் ஒரு கிலோமீற்றர் போக எத்தனை நிமிடம் எடுக்கிறது? அந்த எண் தெரிந்திருப்பது பத்துக் கருத்தரங்குக்குச் சமம். முதல் அலையோடு திரும்பி வர வேண்டாம். 2004இல் பின்னால் வந்த அலைகளும் ஆட்களைக் கொண்டு போயின.

கடலில் நிற்கும்போது செய்தி வந்தால் கரைக்கு ஓடி வர வேண்டாம், ஆழத்துக்குப் போங்கள். ஆழ்கடலில் சுனாமி படகைப் பெரிதாகத் தூக்காது. கரையை அண்டும்போதுதான் நிமிரும். போன் ரவர் எட்டாத தூரத்தில் தொழில் செய்கிறவர்கள் வீஎச்எஃப் கருவியை 16ஆம் அலைவரிசையில் வையுங்கள்.

மழை தொடங்கினால் முதலில் போவது கரண்ட். பிறகு ரவர். பிறகு எந்த எச்சரிக்கை வந்து என்ன? — விவசாயி, முரசுமோட்டை

சரியான கேள்வி. 2018 டிசம்பர் 21 இரவு இரணைமடுக் குளத்தின் கீழ் வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் நாட்டின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே நின்றன. ரவருக்கு அடியில் பற்றரி இருக்கும். மின்சாரம் போன பிறகு சில மணி நேரம் தாங்கும். ஜெனரேற்றர் இல்லாத இடத்தில், அல்லது டீசல் கொண்டு போகிற பாதை வெள்ளத்தில் மூடிய இடத்தில், அதன் பிறகு மௌனம்தான்.

ஆகவே போன் எச்சரிக்கையை முதல் தகவலாக மட்டும் வையுங்கள். மழை அறிவித்தவுடன் எல்லாப் போனும் முழுச் சார்ஜ். பிறகு டேட்டாவை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு போனை மட்டும் இயக்கத்தில் விட்டு மற்றவற்றை நிறுத்தி வையுங்கள். எஃப்எம் வானொலி உள்ள பட்டன் போன் ஒன்று வெள்ளக் காலத்தில் பொன். அதற்கு வயர் உள்ள காதுக்கருவி வேண்டும். அந்த வயர்தான் அன்ரனா. அதை இழந்துவிட்டால் வானொலி எடுக்காது. பற்றரியில் ஓடும் சாதாரண வானொலி இருந்தால் இன்னும் நல்லது. புதுப் பற்றரி நான்கு தனியாக, பொலித்தீனில்.

அதற்கு அடுத்தது ஆள். குளத்துக் கட்டில் நிற்கிற நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்பின் தலைவர், கிராம அலுவலர் என்று மூன்று இலக்கங்கள் சுவரில் எழுதியிருக்க வேண்டும், போனில் மட்டும் இருந்தால் போன் செத்த நேரத்தில் உதவாது. கோயில் மணியைப் பயன்படுத்துவதாக இருந்தால் பூசை மணி போல் அடிக்கக் கூடாது. மூன்று அடி, இடைவெளி, மறுபடி மூன்று அடி என்று ஊர் கூடி முடிவு செய்து, பகலில் ஒரு தடவை அடித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் சைக்கிளோடு ஒரு இளைஞர். காது கேளாதவர், தனியே இருக்கிற கிழவர், கர்ப்பிணி, மூன்று பேருடைய வாசலுக்கும் யார் போவது என்பது பெயரோடு தீர்மானமாக வேண்டும். முதல் ஆளுக்குச் செய்தி வந்ததிலிருந்து கடைசி வீட்டுக் கதவு திறக்கும் வரை எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். அடுத்த மாரிக்கு முன் அதைக் குறைக்கப் பாருங்கள்.

ஒரு பெண் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு போன் வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். ஒத்திகை நாளில் அது கத்தினால்? — பெயர் வேண்டாம்

கத்தும், சைலன்ற்றில் இருந்தாலும். 2023இல் பிரித்தானியாவில் பெண்களுக்கு உதவும் அமைப்புகள் இதையேதான் முன்கூட்டியே சொல்லி எச்சரித்தன. மேலே சொன்ன செற்றிங்ஸில் எல்லா எச்சரிக்கைகளையும் நிறுத்தி வைக்கலாம். அதைவிட உறுதியானது, ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னர் போனை முற்றாக அணைத்து, அன்று மாலை வரை போடாமல் இருப்பது. பிந்திப் போட்டாலும் ஒலிபரப்பு தொடர்ந்துகொண்டிருந்தால் அது கத்தக்கூடும் என்பதால் அவசரப்பட வேண்டாம். அந்த வீட்டு நிலை பற்றிக் கதைக்க 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது.

தவறான எச்சரிக்கை வந்தால்? — வாசகர், விடத்தல்தீவு

வந்திருக்கிறது. ஹவாயில் 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு ஏவுகணை வருவதாக எல்லாப் போனுக்கும் செய்தி போனது. உள்ளே நடந்த ஒத்திகையை ஒரு ஊழியர் உண்மை என்று எடுத்து அனுப்பிவிட்டார். தவறு என்ற மறுசெய்தி 8.45க்குத்தான் போனது. 38 நிமிடம். அவ்வளவு பிந்தியதற்குக் காரணம், 'தவறு, ஆபத்து இல்லை' என்ற செய்தியை யாரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவில்லை. எந்த எச்சரிக்கை வைத்தாலும் அதை மீளப்பெறும் செய்தியும் தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் தயாராகப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர் ஒலிபெருக்கிக்கும் இதே விதி.

ஒத்திகைச் செய்தி எனக்கு வரவில்லை என்றால் யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்பார்களா? — வாசகி, பூநகரி

"வரவில்லை" என்று மட்டும் சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு துண்டில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: போனின் மொடல், சிம் கம்பனி, அந்நேரம் திரையின் மேல் மூலையில் 4ஜி என்று இருந்ததா 2ஜி என்று இருந்ததா, எத்தனை கோடு, வீட்டுக்குள் நின்றீர்களா வெளியிலா, அழைப்பில் இருந்தீர்களா, எந்த ஊர் எந்த ஒழுங்கை, பக்கத்து வீட்டுக்கு வந்ததா, வந்திருந்தால் எத்தனை மணிக்கு, எந்த மொழியில். ஒன்றை சிம் கம்பனிக்குச் சொல்லுங்கள், இன்னொன்றைப் பிரதேச செயலகத்தில் அனர்த்தப் பிரிவுக்குக் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிரதியை வைத்திருங்கள். ஒரே ஒழுங்கையிலிருந்து ஏழு, எட்டுத் துண்டுகள் ஒன்றாகப் போனால் அந்த இடத்தில் ரவரின் அலை விழவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.